கொள்வதும் கொடுப்பதும்: வாசகர் கேள்வி – பதில்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, அதாவது எல்லோரும் சொல்கிற சி.எஸ்.ஆர்., பற்றியும் அதற்கு அடியில் இருக்க வேண்டிய அறம் பற்றியும் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

எம்.காம். மாணவி, கும்பகோணம்

*சி.எஸ்.ஆர். பாடத்தில் முதல் அலகு முழுக்க கான்ட், மில், அரிஸ்டாட்டில். இரண்டாவது அலகில் 135-ஆவது பிரிவு. இரண்டுக்கும் என்ன உறவு என்று புத்தகத்திலும் இல்லை, வகுப்பிலும் சொல்லவில்லை. சட்டம்தான் 2 சதவீதம் என்று சொல்லிவிட்டதே, தத்துவம் எதற்கு?*

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், அதுதான் சுலபம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கம்பெனி இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் குறைந்தது 2 சதவீதம் செலவிட வேண்டும். லாபம் 9, 12, 15 கோடி என்றால் சராசரி 12 கோடி. செலவிட வேண்டியது 24 லட்சம். அந்தத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனிக் குழு அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குக்கு கான்ட் வேண்டாம், ஒரு ஆடிட்டர் போதும். ஆனால் கணக்கு முடிகிற இடத்தில் சட்டமும் பேச்சை நிறுத்திக்கொள்கிறது. 24 லட்சம் பள்ளிக்கூடத்துக்கா, வாய்க்காலுக்கா? யாரைக் கேட்டு முடிவு செய்வது? மீதி 98 சதவீதம் எப்படி வந்தது? சட்டத்தின் ஏழாவது அட்டவணை எதெதற்குச் செலவிடலாம் என்று பட்டியல் தருகிறது. ஒன்றை எடுத்து இன்னொன்றை விடுவதற்கான காரணத்தைத் தருவதில்லை. அந்தக் காரணத்தைத் தேடும்போதுதான் முதல் அலகு தேவைப்படுகிறது.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785-இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருவார். விவரம் தெரியாதவர் வந்தாலும், சின்னப் பிள்ளை வந்தாலும் ஒரே விலைதான் சொல்வார். அவர் நடப்பது கடமைக்குப் பொருந்துகிறது, சந்தேகமில்லை. கடமை என்பதற்காகத்தான் அப்படி நடக்கிறாரா என்பதே கான்டின் கேள்வி. பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கணக்காகவும் இருக்கலாம் அல்லவா? ஏமாற்றினாலும் பெயர் கெடாது என்று உறுதியாகத் தெரிந்த நாளில் அந்தக் கணக்கு அவரை வேறு பக்கம் இழுக்கும். பத்திரிகைக்காரரும் அதிகாரியும் எட்டிப் பார்க்காத ஊரில் ஒரு ஆலை தன் கழிவுநீரை என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கான்டின் கடைக்காரரைத்தான் கேட்கிறீர்கள்.

ஆங்கிலச் சிந்தனையாளர்கள் பெந்தம் 1789-இலும் மில் 1861-இலும் எடுத்து வைத்த பயன்வாதம் விளைவை எண்ணச் சொல்கிறது: யாருக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு நன்மை. பள்ளிக்கூடமா வாய்க்காலா என்ற கேள்விக்கு உதவும் கருவி அதுதான். அதன் ஆபத்து அடுத்த கடிதத்தில் வருகிறது. அரிஸ்டாட்டிலை மாணவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். கொடைத்தன்மை பற்றிப் பேசும்போது, தக்கவருக்கு, தக்க அளவில், தக்க நேரத்தில் கொடுப்பதோடு அவர் நிறுத்தவில்லை. வாங்கக்கூடாத இடத்திலிருந்து வாங்காதவரே கொடையாளி என்கிறார். இந்த ஒரு வரி பல கம்பெனிகளின் ஆண்டறிக்கைக்கு ஒவ்வாது.

பரீட்சைக்கு ஒரு குறிப்பு. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1970 செப்டம்பரில் எழுதிய கட்டுரையை ‘லாபம் ஒன்றே பொறுப்பு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வராதீர்கள். ஏமாற்றோ மோசடியோ இல்லாமல், ஆட்ட விதிக்குள் நின்று லாபம் தேடு என்பதுதான் அவர் சொன்னது. அந்த நிபந்தனையை விட்டால் அவர் வாதத்தில் பாதி போய்விடும். அந்த நிபந்தனையும் ஒரு அறம்தான்.

இல்லத்தரசி, தஞ்சாவூர் புறநகர்

*எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய அரிசி ஆலை. மொட்டை மாடியில் வடகம் போட முடியவில்லை, கொடியில் காயும் வேட்டியெல்லாம் கரி. போய்க் கேட்டால், ‘பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்தது யார்?’ என்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் அவர்கள் பக்கம். நாங்கள்தான் நன்றி கெட்டவர்களா?*

இல்லை. கழிப்பறையால் பயன் பெறுவது பள்ளிப் பிள்ளைகள், கரியை மூச்சில் வாங்குவது உங்கள் தெரு. ஒருவருக்குச் செய்த கெடுதலை இன்னொருவருக்குச் செய்த உதவியில் கழித்துக்கொள்ள முடியாது. மொத்தக் கூட்டல் போட்டால் 300 பிள்ளைகள் ஒரு தட்டில், 40 வீடுகள் மறு தட்டில் என்று ஆலை ஜெயித்துவிடும். பயன்வாதத்தின் ஆபத்து என்று மேலே சொன்னது இதுதான். தனித்தனி மனிதர்களை ஒரே ஆள் போலப் பாவித்துக் கூட்டிக் கழிக்கிறது என்பது அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸ் 1971-இல் அதன்மேல் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு.

உங்களுக்கு இன்னும் நேராக உதவுகிறவர் இன்னொரு தத்துவஞானி, டபிள்யூ.டி. ராஸ். 1930-இல் அவர் கடமைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்: தீங்கு செய்யாதிருத்தல் ஒன்று, செய்த தீங்குக்கு ஈடு கட்டுதல் ஒன்று, நன்மை செய்தல் ஒன்று, இன்னும் சில. இவற்றில் தீங்கு செய்யாதிருத்தல் நன்மை செய்வதைவிட இறுக்கமானது என்றார். கழிப்பறை நன்மைக் கணக்கில் வரவு. கரி, தீங்குக் கணக்கில் பாக்கி. ஒரு கடனை அடைக்காமல் வேறொருவருக்கு அன்பளிப்புக் கொடுத்தால் கடன் தீருமா?

சட்டமும் இங்கே உங்கள் பக்கம்தான். வேறு எந்தச் சட்டத்தின்படியாவது செய்தே ஆக வேண்டியதை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. தூசு, புகை கட்டுப்பாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை இயங்கத் தரும் அனுமதியான இசைவாணையின் நிபந்தனை. ஆகவே நாளைக்கு ஆலை புதுச் சாதனம் பொருத்தி, ‘மக்கள் நலனுக்காக’ என்று பலகை வைத்தாலும் அது சி.எஸ்.ஆர். ஆகாது.

இனி கரியைப் பற்றி. 100 டன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 20 டன் உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 4 டன், சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. நூற்றில் ஒரு பங்கு தப்பித்தாலே 40 கிலோ. தப்பிக்கும் வழிகள் மூன்று. அடுப்பில் உமியை அளவுக்கு மீறித் தள்ளி, காற்று பற்றாமல் அரைவேக்காடாக எரிந்தால் கறுப்புச் செதில் பறக்கும். புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோனின் அடிவால்வு தேய்ந்து காற்று உள்ளே புகுந்தால், அல்லது அடிக்கூம்பைக் காலி செய்யாமல் நிரம்ப விட்டால், பிரிந்த சாம்பலே மறுபடி மேலே ஏறிவிடும். அப்போது மெல்லிய சாம்பல்நிறப் பொடி விழும். மூன்றாவது, சாம்பலைத் தண்ணீர் தெளிக்காமல் லாரியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டாமல் ஓட்டுவது.

பதினைந்து நாள் ஒரு வேலை செய்யுங்கள். வெள்ளைத் தட்டை லேசாக ஈரம் செய்து மாடியில் வையுங்கள். காலையும் மாலையும் படம் எடுத்து, தேதி, நேரம், காற்றடித்த திசை, விழுந்தது செதிலா பொடியா என்று நோட்டில் எழுதுங்கள். செதில் என்றால் அடுப்பு, பொடி என்றால் சைக்ளோன், லோடு ஏற்றும் நாளில் மட்டும் என்றால் சாம்பல் களம். நோட்டோடு முதலில் ஆலை மேலாளரைப் பாருங்கள். ‘கரி விழுகிறது’ என்பதைவிட ‘செவ்வாய், வெள்ளி இரவில் செதில் விழுகிறது’ என்ற பேச்சுக்கு மரியாதை அதிகம். நடக்கவில்லையென்றால் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்துப் புகார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆலையின் இசைவாணை நகலையும் கேளுங்கள், நிபந்தனைகள் அதில் வரிசையாக இருக்கும். கழிப்பறைக்கு நன்றி சொல்லிவிட்டே கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

சிறு அரிசி ஆலை உரிமையாளர், திருவாரூர் மாவட்டம்

*எங்களுக்கு 5 கோடி லாபமெல்லாம் கனவு. சட்டம் எங்களைத் தொடாது. இருந்தாலும் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பையன் சொல்கிறான். கும்பாபிஷேக நன்கொடை தவிர வேறென்ன செய்யலாம்?*

கொடுப்பதைக் கேட்கிறீர்கள். நாங்கள் கொள்வதிலிருந்து தொடங்குகிறோம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்கிறது. உங்கள் ஆலையில் ‘மிகை கொள்ளும்’ வாய்ப்பு அதிகம் உள்ள இடம், நெல்லின் ஈரத்துக்காக எடையில் கழிக்கும் ஈரப்பதக் கழிவு.

நெல்லில் இருக்கும் ஈரம் 17 சதவீதமாக இறங்கும்போது எடை எவ்வளவு குறையும் என்பதற்கு ஊகம் வேண்டாம். வந்த எடையை (100 கழித்தல் வந்த ஈரம்) என்ற எண்ணால் பெருக்கி, 83-ஆல் (100 கழித்தல் 17) வகுங்கள். 20 சதவீத ஈரத்தில் வந்த 60 கிலோ மூட்டை, 60 பெருக்கல் 80 வகுத்தல் 83, அதாவது 57.83 கிலோ. நியாயமான கழிவு 2 கிலோ 170 கிராம். 22 சதவீதம் என்றால் 3 கிலோ 600 கிராம். மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று வாய்க்கு வந்ததைக் கழித்தால் கூடுதலாகப் போனது விவசாயியின் நெல். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் அச்சிட்டு, எடை மேடைக்குப் பக்கத்தில் விவசாயி கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

ஈரமானியிலும் தவறு வரும். களத்திலிருந்து சூடாக அள்ளிய நெல்லில் மேல்பகுதி காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும். அளவு குறைவாகக் காட்டி, நாலு மணி நேரம் கழித்து ஏறும். அது உங்களுக்கு நஷ்டம். ஆற விட்டு, நாலைந்து மூட்டையிலிருந்து எடுத்துக் கலந்து, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். எண்ணை விவசாயியே படிக்கட்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை. முத்திரை இருந்தாலும் தினமும் காலையில் 20 கிலோ படிக்கல் ஒன்றை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். சாக்குக்கு ஒரு கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்காமல், பத்து வெறும் சாக்கை எடை போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு உள்ளே பாருங்கள்: சுமை தூக்குகிறவர்களுக்குக் கூலி வாராவாரம் போகிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா, தவிடு சலிக்கும் இடத்தில் முகக்கவசம் இருக்கிறதா. இவ்வளவும் ஆன பிறகு கும்பாபிஷேகத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள், பையனிடமும் சொல்லுங்கள்.

ஊராட்சி வார்டு உறுப்பினர், மன்னார்குடி வட்டம்

*எங்கள் ஊர்க் குளம் ஒன்றரை ஏக்கர். ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். நிதியில் தூர்வாரித் தருகிறோம் என்கிறது. மார்ச் 31-க்குள் முடித்தாக வேண்டுமாம். என்னென்ன பார்க்க வேண்டும்?*

அந்த மார்ச் 31-ஐ முதலில் பார்ப்போம், பாதிக் கோளாறு அங்கேதான். கம்பெனியின் ஆண்டு மார்ச்சில் முடிகிறது. நம் ஆண்டு மேட்டூரைப் பார்த்து ஓடுகிறது: ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் மூடல் என்பது வழக்கம். தாளடி அறுப்பெல்லாம் முடிந்து குளம் நன்றாக வற்றுவது ஏப்ரல், மே மாதங்களில். மார்ச்சில் அவசரமாக இறங்கினால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, சேற்றில் பொக்லைனை விட்டு, அள்ளிய சேறு கரையிலேயே வழிந்து திரும்பிவிடும். சட்டம் இந்த அவசரத்தைக் கேட்கவில்லை. இயக்குநர் குழு இதைத் ‘தொடர் திட்டம்’ என்று தீர்மானித்தால், செலவாகாத பணத்தை ஆண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். தொடர் திட்டம் அல்லாத மிச்சப் பணத்தைத்தான் ஆறு மாதத்துக்குள் ஏழாவது அட்டவணையில் சொன்ன அரசு நிதிக்கு அனுப்ப வேண்டும். ‘மார்ச்சோடு பணம் போய்விடும்’ என்கிறவரிடம், ‘தொடர் திட்டமாகத் தீர்மானம் போடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து காகிதம். ‘அ’ பதிவேட்டில் (வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடு) குளம் யார் பெயரில், எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று பார்த்து, புல வரைபடத்தோடு நில அளவரைக் கூட்டிப்போய்க் கல் நட்டுக்கொள்ளுங்கள். தூர்வாரும்போது கரையோரம் அரைக்கால் ஏக்கர் காணாமல் போவது வழக்கமான கதை. ஊராட்சித் தீர்மானம் வேண்டும். மண்ணை வெளியே கொண்டுபோக அரசு அனுமதி தனி. அது இல்லாமல் ஒரு டிராக்டர் பிடிபட்டால் வேலை முழுவதும் நிற்கும். மீன் குத்தகை எந்த மாதத்தில் முடிகிறது என்று பார்க்க மறந்துவிடாதீர்கள்.

அளவு இப்படி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒன்றரை ஏக்கரில் 2 அடி எடுத்தால் 1,30,680 கன அடி, 100 கன அடி ஒரு யூனிட் என்றால் சுமார் 1,307 யூனிட். வெட்டிய மண் உதிர்ந்து பருக்கும். கால் பங்கு கூடும் என்று வைத்தால் லாரியில் அதே மண் 1,630 யூனிட் ஆகிவிடும். லோடு எண்ணிப் பணம் கொடுத்தால் தோண்டாத 320 யூனிட்டுக்கும் காசு போகும். எனவே குழி அளவில்தான் ஒப்பந்தம். வெட்டும் முன் 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து மட்டம் எடுங்கள், ஆங்காங்கே சிறு திட்டுகளை வெட்டாமல் விட்டு வையுங்கள், கடைசியில் திட்டின் உயரத்தை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

ஆழமாகத் தோண்டுவதுதான் நல்லது என்று நினைப்பது பெரிய தப்பு. கறுப்பு வண்டல் முடிந்து பழைய களித்தரை தட்டியதும் நிறுத்துங்கள். களியை உடைத்து மணல் படுகைக்குப் போய்விட்டால் தண்ணீர் நிற்காது. முத்துப்பேட்டை, வேதாரண்யம் போலக் கடலோர ஊர்கள் என்றால் அடியில் உப்புநீர் காத்திருக்கிறது, நல்ல குளம் உவர்க் குளமாகிவிடும். கரைச் சரிவு ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும். செங்குத்தாக வெட்டினால் முதல் ஐப்பசி மழையில் சரியும். வெட்டிய மண்ணைக் கரை விளிம்பில் குவிக்காதீர்கள், அது அதே குளத்துக்குத்தான் திரும்பும். எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் பிழை இது: குளம் பளிச்சென்று இருக்கும், வரத்து வாய்க்கால் அடைபட்டிருக்கும். தண்ணீர் வரும் வழியும் வடியும் வழியும் மதகோடு சேர்த்து வேலைப் பட்டியலில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறவியல் இதில் எங்கே என்று கேட்கலாம். யாருக்கு முதலில் என்ற கேள்வியில். ரால்ஸ் ஒரு சோதனை சொன்னார்: சமூகத்தில் உன் இடம் எது என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் நின்று விதியை எழுது என்று. டெல்டாவில் இதை விளக்கவே வேண்டாம். நீங்கள் தலைமடையா கடைமடையா என்று தெரியாமல் முறைப்பாசனம் எழுதச் சொன்னால், கடைமடைக்கும் தண்ணீர் போகும்படிதான் எழுதுவீர்கள். குளத்துக்கும் அதுவே. படித்துறை எந்தத் தெருப் பக்கம் வருகிறது? மாடு இறங்கச் சரிவு உண்டா? வண்டல் யாருக்கு? ஏக்கருக்கு 14 யூனிட் பரப்பினால் ஒரு சென்டிமீட்டர் கனம் வரும். டிராக்டர் வைத்திருப்பவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாதபடி, சிறு விவசாயி, குத்தகை விவசாயி பெயர்களை முதலில் எழுதிக் கிராம சபையில் வாசியுங்கள். கம்பெனி அதிகாரி ஊராட்சி அலுவலகத்தில் நாலு பேரோடு காபி குடித்துவிட்டு ‘மக்கள் கருத்துக் கேட்டோம்’ என்று அறிக்கை எழுதுவது கருத்துக் கேட்பு அல்ல.

ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இரண்டே ஆண்டில் திரும்பும். மூன்று ஆண்டு பராமரிப்புப் பணத்தையும் திட்டத்துக்குள்ளேயே கேளுங்கள். பெயர்ப் பலகைக்கு இடம் கொடுப்பதில் தாராளமாக இருக்கலாம், அதில் நமக்குச் செலவில்லை.

அறக்கட்டளைச் செயலாளர், மயிலாடுதுறை

*முதியோருக்கு மதிய உணவு கொடுக்கிறோம். சி.எஸ்.ஆர். நிதி பெற என்ன தகுதி வேண்டும்? நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாதாமே?*

பதிவு செய்த பொது அறக்கட்டளை, வருமான வரியில் அறக்கட்டளைக்கான வரிவிலக்குப் பதிவு (12ஏ), நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி), அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம், கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தளத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டு வாங்கிய பதிவு எண், இவ்வளவும் வேண்டும். படிவத்தில் ஆடிட்டர் போன்ற ஒரு தொழில்முறையாளர் சான்றளிக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் கம்பெனியை அணுகுவது வீண் அலைச்சல்.

அந்த 5 சதவீதம் உங்களுக்கு அல்ல, கம்பெனிக்கு. சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நிர்வகிக்கக் கம்பெனி தன் அலுவலகத்தில் செய்யும் செலவுக்கு வைத்த உச்சவரம்பு அது. சமையல்காரர் சம்பளம், உணவு கொண்டுபோகும் வண்டிச் செலவு, கணக்கு எழுதும் பிள்ளையின் சம்பளம் எல்லாம் திட்டத்தின் நேரடிச் செலவு. இதைத் தெரியாமல் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டி, ஆறாம் மாதத்தில் சமையல்காரர் நின்றுபோன அறக்கட்டளைகள் உண்டு.

பில்லை முழுத் தொகைக்குப் போட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த இடைத்தரகராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நிதி சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். சிக்கல் வரும் நாளில் ரசீதில் இருப்பது உங்கள் கையெழுத்து.

வாசகர், வேதாரண்யம்

*புயல் வெள்ளத்தில் நிவாரணப் பை கொடுக்கிற கம்பெனிகள் வாங்குகிறவரைப் பேனரோடு நிறுத்திப் படம் எடுப்பது சரியா?*

சரியில்லை. மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற கான்டின் வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர லாபம் தேடிச் செய்யும் ஆதரவு சி.எஸ்.ஆர். கணக்கில் வரக்கூடாது என்று விதியும் இருக்கிறது. கணக்குக்கு ஆதாரம் வேண்டுமென்றால் இறக்கிய மூட்டைகளைப் படம் எடுக்கலாம், டோக்கன் எண்ணோடு கையெழுத்து வாங்கலாம், முகம் தேவையில்லை.

இன்னொன்று. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்தது தென்னையை. அரிசிப் பை ஒரு வாரம் வரும்; நெட்டைத் தென்னை நட்டுக் காய்க்க ஐந்தாறு ஆண்டாவது ஆகும். அந்த இடைவெளியில் ஊடுபயிருக்கு யார் கைகொடுத்தார்கள் என்று கேட்டால் பேனர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சீர்காழி

*ஒப்புரவு என்ற ஒரு சொல்லில் வள்ளுவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரே. மேனாட்டார் எதற்கு?*

ஐயா, ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23. இரண்டையும் பிரித்து வைத்ததே பெரிய சிந்தனை. ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. திரும்ப எதிர்பார்த்துக் கொடுப்பதெல்லாம் குறியெதிர்ப்பை என்று 221-ஆம் குறள் தள்ளிவிடுகிறது. ஒப்புரவு, ஊரோடு சேர்ந்து வாழ்கிறவனின் கடப்பாடு. ஊருணியும் பயன்மரமும் அங்கே வருகின்றன, அந்த மரம் ‘உள்ளூர்ப்’ பழுக்கிறது. தொழில் நடக்கும் பகுதிக்கும் அதைச் சுற்றிய இடங்களுக்கும் முன்னுரிமை என்று 135-ஆவது பிரிவும் சொல்கிறது. கட்டாயமல்ல, வழிகாட்டுதல்தான் என்று அரசு பிறகு விளக்கிவிட்டது. வள்ளுவர் ஒரு படி மேலே போகிறார்: ‘இடனில் பருவத்தும் ஒப்புரவிற்கு ஒல்கார்’. கை சுருங்கிய காலத்திலும் தளராதவர். சட்டத்தின் 2 சதவீதமோ சராசரி லாபத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. தொடர்ந்து நஷ்டம் என்றால் பூஜ்யம்.

ஆனால் எல்லாம் குறளிலேயே இருக்கிறது என்று முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. குறள் பேசுவது மனம் உள்ள ஒருவனோடு. ‘மனத்துக்கண் மாசிலன்’ என்ற அளவுகோலைக் கம்பெனியின் மேல் எப்படி வைப்பது? அதற்குச் சட்டப்படி ஆள்தன்மை உண்டு, மனம் இல்லை. முடிவு எடுப்பவர் இயக்குநர், பணம் பங்குதாரருடையது, வேலை செய்பவர் தொழிலாளி, புகையை வாங்குபவர் பக்கத்துத் தெரு. இவர்களில் கடப்பாடு யாருடையது? அடுத்தவர் பணத்தில் தருமம் செய்யாதே என்று ஃபிரீட்மன் கேட்டது இந்த இடத்தில்தான். பங்குதாரர் மட்டுமல்ல, கம்பெனியின் செயலால் தொடப்படுகிற எல்லோரும் அதில் உரிமைப்பட்டவர்களே என்று 1984-இல் மேலாண்மை அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் பதில் கட்டினார். இந்த வழக்கு பெருங்கம்பெனிகள் உள்ள காலத்து வழக்கு. அதற்கு அவர்களையும் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொடுக்க விரும்புவது வேறொரு சொல். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இப்போது செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற ‘அறவிலை வணிகன்’ அவன் அல்லன் என்கிறார் (புறநானூறு 134). அறத்தை விலைக்கு விற்கும் வணிகன்! மறுமை இருந்த இடத்தில் இன்று ‘பிராண்ட் மதிப்பு’ உட்கார்ந்திருக்கிறது. ஆய் கொடுத்தது சான்றோர் போன வழி என்பதற்காக மட்டுமே என்று பாட்டு முடிகிறது. கான்டின் கடைக்காரரைப் பற்றிய சந்தேகமும் இதுவும் ஒரே இடத்தைத் தொடுகின்றன, யாரும் யாரிடமும் கடன் வாங்காமல்.

வாசகர், பட்டுக்கோட்டை

*ஒரு கம்பெனி எங்கள் பகுதியில் செலவிட்டதாகச் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?*

இந்தப் பிரிவுக்குள் வரும் கம்பெனி தன் இணையதளத்தில் சி.எஸ்.ஆர். கொள்கையையும் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களையும் வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையில் இயக்குநர் அறிக்கையோடு சி.எஸ்.ஆர். இணைப்பு ஒன்று இருக்கும். செலவிட வேண்டியது, செலவிட்டது, மிச்சம் மூன்றையும் அதில் பாருங்கள். பிறகு மூலதனச் சொத்துப் பகுதிக்குப் போங்கள்: கட்டிய கட்டடம், வாங்கிய இயந்திரம் எதுவானாலும் முகவரி, பின்கோடு, தேதி, தொகை, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது வரை எழுத வேண்டும். பின்கோடு உங்கள் ஊருடையது என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் என்றால் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள்; குழாயைத் திறந்து பாருங்கள், மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள், வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றியது, கழிவாக வரும் உப்புநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.